சமையல்கட்டு இல்லாத அறை

பிப்ரவரி 11

இஞ்சின் ஐயாவுக்கு,

இது சண்டைக் கடிதம். டியூட்டி முடித்து, கையில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று போனில் எல்லோரும் சௌக்கியம் என்று சொன்னது பொய் இல்லை. சௌக்கியம்தான். நம் வக்கீல் மகளுக்கு இருமல் விட்டுவிட்டது. விட்ட மறுநாளே, பள்ளிக்கூடம் போகாமல் இருக்க என்னென்ன காரணம் உண்டு என்று என்னோடு வாதாடத் தொடங்கிவிட்டாள். ஆனால் நம் சட்டப்படி சண்டை காகிதத்தில்தானே வர வேண்டும்? அந்த வருஷம் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்து, கப்பல் நடுக்கடலுக்குப் போய், நீங்கள் கோபமாக இருக்கிறீர்களா, உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று தெரியாமல் வாரக்கணக்கில் நான் தவித்தேன் அல்லவா? அதன் பிறகு போட்ட சட்டம். போனில் நல்லது மட்டும், மற்றதெல்லாம் தபாலில். இத்தனை வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஜூன் லீவுக்கு ஏரி வீடு வேண்டாம்.

ஒன்பது வருஷமாக அதே வீடு, அதே பதினைந்து நாள். கடையில் நான் லென்ஸ் தேய்க்கும் மேஜைக்கு எதிரே கண் பரிசோதனைப் பலகை தொங்குகிறது, உங்களுக்குத் தெரியும். மேலே பெரிய எழுத்து, கீழே பொடி எழுத்து. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் என் காட்சி. கண்ணை மூடினாலும் கடைசி வரி வரைக்கும் ஒப்பிப்பேன். வருஷத்தில் ஒரு முறையாவது நான் இதுவரை படிக்காத எதையாவது பார்க்க வேண்டாமா?

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா கண்ணாடி மாற்ற வந்தார். ரயில் பாதை முடிகிற இடத்தில் ஒரு மலையூர் இருக்கிறதாம். "ஜன்னலைத் திறந்து வெச்சா மேகம் உள்ள வந்து கட்டில்ல உக்காந்துக்கும்மா" என்று சொன்னார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பிரேமில் இடது கண்ணாடியை வலது பக்கம் மாட்டிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசித்துப் பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம்.

உங்கள்,
கண்ணாடிக்காரி


மார்ச் 2

என் கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் நேற்றுத்தான் தபால் பையில் வந்தது. சண்டை என்று தலைப்புப் போட்டிருந்தாயே, உள்ளே ஒரு மேகம்தான் இருந்தது. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம்?

நான் சொல்வதைக் கேள். புது ஊர் என்றால் என்ன என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மாதம் நான்கு துறைமுகம் பார்க்கிறவன் நான். புது ஊர் என்றால் கழிப்பறை எங்கே என்று மூன்று பேரிடம் கேட்பது. எந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்று கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொள்வது. போகிற இடமெல்லாம் நான் வழி கேட்கிறவன், சில்லறை இல்லாமல் விழிக்கிறவன். கப்பலில்கூட ஒப்பந்தம் முடிந்தால் வேறு கப்பல், வேறு கட்டில், வேறு குறட்டை.

ஏரி வீட்டில் இருட்டில் கை நீட்டினால் ஸ்விட்ச் இருக்கிறது. முன்வராந்தாவில் என் நாற்காலி போன வருஷம் விட்ட இடத்திலேயே கிடக்கிறது. படகுக்காரர் என்னைப் பார்த்ததும், "என்ன இஞ்சினியரே, இந்தத் தடவ தொந்தி முன்னால வருது, நீங்க பின்னால வர்றீங்க?" என்பார். ரிட்டயர்ட் வாத்தியார் போன வருஷம் பாதியில் விட்ட கதையை அங்கிருந்தே ஆரம்பிப்பார். இந்தப் பூமியில் என்னை எதிர்பார்த்துக் கிடக்கிற இடம் நம் வீட்டை விட்டால் அது ஒன்றுதான். அதையும் பிடுங்காதே.

மலை எங்கே போனாலும் மலைதான். வீட்டுக்கார அம்மாவுக்கு வழக்கமான தேதிகளை எழுதிப் போட்டுவிட்டேன். இந்த வருஷம் அங்கே உனக்கு ஒரு நல்ல செய்தியும் காத்திருக்கிறது. நல்ல செய்தி என்பதால் போனிலேயே சொல்லலாம், சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆசை.

வக்கீலிடம் என் தீர்ப்பைச் சொல். மேல்முறையீடு கிடையாது.

உன்,
இஞ்சின்


மார்ச் 21

வக்கீலின் அப்பாவுக்கு,

"அதையும் பிடுங்காதே" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதுவரை உங்களிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

உங்கள் ஏரி வீட்டைச் சொன்னீர்கள். என் ஏரி வீட்டைச் சொல்கிறேன்.

அதில் இரண்டு அடுப்பு. இடது அடுப்பு எரியாது. கப்பல் இஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவரின் பெண்டாட்டி ஒன்பது வருஷமாக ஒற்றை அடுப்பில் சமைக்கிறாள். பாத்திரம் கழுவும் தொட்டி யாரோ குள்ளமானவருக்காகக் கட்டியது, நான் குனிந்தே நிற்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். வராந்தாப் பக்கம் ஒரு சின்னப் பரிமாறும் ஜன்னல், மரக்கதவு போட்டது, தட்டை நீட்டும் அளவுக்கு மட்டும் திறக்கும். சாயங்காலம் ஆனால் படகுக்காரரும் வாத்தியாரும் வந்துவிடுவார்கள். நீங்கள் மூன்று பேரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்காருவீர்கள். "அண்ணி, இன்னும் ரெண்டு மீன் கிடைக்குமா?" என்று குரல் வரும். நான் அந்த ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுவேன். அங்கிருந்து எனக்குத் தெரிவது உங்கள் நாற்காலியின் முதுகு.

போன வருஷம் ஒரு நாள், "இன்னைக்கு வெளிய எங்கயாவது சாப்பிடலாமா?" என்று கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? "உன் கைச் சமையலை விட்டுட்டா? பைத்தியமா?" என்றீர்கள். வாத்தியார் கைதட்டினார். பாராட்டு என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன். உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன், அழுவதற்கு வசதியாக.

இங்கே பத்து மாதம் நான் தனியாகக் கடையையும் அடுப்பையும் பார்க்கிறேன். குறை சொல்லவில்லை, உங்கள் தொழில் அப்படி. ஆனால் லீவு என்று சொல்லி வேறு ஊருக்குக் கூட்டிப்போய், இதைவிட மோசமான அடுப்பின் முன்னால் நிறுத்தினால், அது யாருக்கு லீவு?

மலையூரில் இடம் போட்டுவிட்டேன். ரயில் டிக்கெட் மூன்று பேருக்கு. சமையல்கட்டு இல்லாத அறை, விடுதிக்கு இரண்டு முறை போன் செய்து கேட்டு உறுதி செய்துகொண்டேன். "டீ போட்டுக்கக்கூட ஒண்ணும் இருக்காதும்மா, பரவாயில்லையா?" என்று அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான். ரொம்ப சந்தோஷம் தம்பி என்றேன்.

முந்தாநாள் போனில் கப்பல் சமையல்காரர் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்ட கதையைச் சொன்னீர்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்காரி


ஏப்ரல் 4

என் தங்கத்துக்கு,

உன் பதில் இன்னும் வந்து சேரவில்லை. வழியில் ஏதோ துறைமுகத்தில் தூங்குகிறது போல. அதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தது வாய்வரை வந்து முட்டுகிறது. எழுதிவிடுகிறேன்.

ஏரி வீடு நம்முடையது!

வீட்டுக்கார அம்மா மகனோடு போய் இருக்கப்போகிறாராம். விற்க நினைத்தபோது முதலில் எனக்குத்தான் எழுதினார். "வேற யாருக்காவது குடுத்தா அந்த வீடே என்னை மன்னிக்காது தம்பி" என்று ஒரு வரி. நாலு தடவை படித்தேன். நம் சேமிப்பிலிருந்து முன்பணம் அனுப்பிவிட்டேன். ஜூன் முதல் வாரம் பத்திரப் பதிவு.

இனி எங்கே போவது என்ற பேச்சுக்கே இடமில்லை பார். உன் மேகத்தையும் அங்கேயே வரச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. இது முழுக்க உனக்காக. அங்கே சமையல்கட்டு உனக்கு இடைஞ்சலாக இருப்பதை நான் கவனிக்காமல் இல்லை. கொத்தனாரிடம் பேசச் சொல்லியிருக்கிறேன். பின்சுவரை இடித்துப் பெரிதாக்கி, நான்கு அடுப்பு வைக்கிற மாதிரி மேடை. நீ ராணி மாதிரி நின்று சமைக்கலாம்.

அடுத்த போனில் உன் குரலைக் கேட்க இப்போதே காது துடிக்கிறது.

உன்னுடையவன்


ஏப்ரல் 20

நான்கு அடுப்பு.

படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. வக்கீல் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அன்று சாயங்காலமே உங்கள் போன். "கடிதம் வந்துச்சா?" என்று கேட்டீர்கள். "வந்துச்சு" என்றேன். "சந்தோஷமா?" என்றீர்கள். போனில் நல்லது மட்டும்தான் பேச வேண்டும். அதனால், "வக்கீல் கணக்குல நல்ல மார்க்கு" என்றேன். நான் பேச்சை மாற்றியதை நீங்கள் சந்தோஷத் திணறல் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். வக்கீல் பக்கத்திலேயே நின்றாள். "அப்பாகிட்ட இவ்ளோ நல்லா பேசற. வெச்சதும் ஏன்மா மூஞ்சி இப்படிப் போகுது? எது நிஜம்?" என்று கேட்டாள். போய்ப் படி என்று அவளை உள்ளே அனுப்பினேன்.

நம் சேமிப்புக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. நானும் போட்டதுதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்பது உங்களுக்கு உள்ளுக்குள் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் லீவில் வரும் நாளில் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கும். உங்கள் டிக்கெட்டையும் விடுதி முகவரியையும் மேஜை மேல் வைத்திருக்கிறேன். மலையூருக்கு வந்தால் வாருங்கள். வராவிட்டால் அங்கே உட்கார்ந்து நான் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. லீவு முடிந்து உங்களோடு ஒரே வீட்டுக்குத் திரும்புவதா, வேண்டாமா என்று. கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன வாரமே ஆறிவிட்டது. அதனால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

வக்கீலின் அம்மா


மே 9

உன் இரண்டு கடிதங்களும் ஒரே பையில் வந்தன. தேதி பார்க்காமல் இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். இஞ்சின் அறையில் உட்கார்ந்து படித்தேன். அன்று ஒரு வால்வை மாற்றிப் பூட்டிவிட்டு, மேலே இருக்கிறவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, இப்போது மொத்தமாகக் கொண்டுவந்து தலையில் கொட்டினால் நான் என்ன செய்ய? அடுப்பு எரியவில்லை என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் ஸ்பேனரை எடுத்திருக்க மாட்டேனா? நீ சிரித்துக்கொண்டுதானே தட்டை நீட்டினாய்? நான் ஜோசியக்காரனா? பத்து மாதம் பேச ஆளில்லாமல் இஞ்சினோடு கத்திக்கொண்டிருக்கிறவனுக்கு, நாலு பேர் "வா" என்று சொல்லும் இடத்தில் உட்கார ஆசை இருக்கக் கூடாதா? அது அவ்வளவு பெரிய குற்றமா?

ஒரே வீட்டுக்குத் திரும்புவதா என்று எழுதிவிட்டாய். அதே வாரம் போனில், "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொன்னாய். எது நிஜம் என்று வக்கீல் கேட்டது சரியான கேள்விதான். எனக்கும் தெரியவில்லை.

கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான். வீட்டுக்கார அம்மா சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டார். நீ மலைக்குப் போ. நான் ஏரிக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
நான்


ஜூன் 3
ஏரி வீடு

கண்ணாடிக்காரிக்கு,

வந்து நான்கு நாள் ஆகிறது. தையல்காரம்மா சாவியைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் வீட்டில் ஒரு இரவு படுத்தேன். மேஜை மேல் டிக்கெட் இருந்தது. எடுத்துப் பையில் வைத்தேன், ஆனாலும் இங்கேதான் வந்தேன். வீம்பு.

இருட்டில் கை நீட்டினேன், ஸ்விட்ச் இருந்தது. நாற்காலியும் அதே இடத்தில். பசித்தது.

சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். முதல் நாள் குழம்பு வைக்கிறேன் என்று இறங்கி, ஒற்றை அடுப்பில் சோறு வேகும்வரை மீன் காத்திருந்து, மீன் வேகும்வரை சோறு ஆறிப்போய், எல்லாம் முடிந்தபோது வாத்தியாரின் கதையும் முடிந்துவிட்டது. ஒரு வரியும் என் காதில் விழவில்லை. ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினேன். வாங்கினார்கள், என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே. மறுநாள் அடுப்பைக் கழற்றினேன். பர்னர் துளையில் துரு. ஊசியால் குத்தி ஊதினேன், எரிந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அடுப்பைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். தொட்டியில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று என்பது தனிக் கதை.

நேற்று படகுக்காரர், "அண்ணி வராததால வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்றார். "அவளோட நீங்க பேசியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "எங்க பேச? அவங்க கையைத்தான் பாத்திருக்கோம். வளையல் போட்ட கை" என்றார். இத்தனை வருஷ சிநேகிதன். உன்னைத் தெருவில் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டியது என்று புரிய இரவு ஆயிற்று.

பதிவை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முன்பணம் திரும்பாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார், போனால் போகட்டும். நீ ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட மாட்டேன். அல்லது அந்தப் பரிமாறும் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறேன். நான்கு அடுப்பைப் பற்றி மட்டும் இனி பேசாதே. நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இன்று காலை உனக்குப் போன் செய்தேன் அல்லவா? இதையெல்லாம் சொல்லத்தான் செய்தேன். நீ எடுத்தவுடன், "நல்லா இருக்கோம், வக்கீல் குதிரை ஏறினா" என்றாய். "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிக்கெட் இன்னும் பையில் இருக்கிறது, தேதிதான் போய்விட்டது. வேறு எடுத்துக்கொள்கிறேன். நான் அங்கே வரட்டுமா?

உன்,
இஞ்சின்


ஜூன் 7
மலையூர்

இஞ்சின் ஐயாவுக்கு,

வர வேண்டாம்.

மேலே படியுங்கள், அதற்குள் பேனாவைத் தேடாதீர்கள். இப்போது வந்தால் நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து நானும் மன்னித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அப்புறம் அடுத்த ஜூனில் நான் எங்கே நிற்பேன் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

இங்கே ஒன்றும் சொர்க்கம் இல்லை. வந்த நாளிலிருந்து மழை. மேகம் உள்ளே வரும் என்று அந்த ரயில் அம்மா சொன்னது உண்மைதான், வந்து படுக்கையை ஈரமாக்கிவிட்டுப் போகிறது. இரண்டு முறை வழி தவறினோம். முதல் இரவு ஸ்விட்சைத் தேடி இருட்டில் தடவி, கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டேன். "அப்பா சொன்னது சரிதான்" என்று வக்கீல் தீர்ப்பு எழுதினாள். வலியோடு நானும் ஒப்புக்கொண்டேன். சாப்பாடு சப்பென்று இருக்கிறது. ஆனால் முதல் நாள் நான் உட்கார்ந்திருக்க, யாரோ ஒருவர் என் முன்னால் தட்டை வைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமாம்மா?" என்று கேட்டார். நான் எழுந்து வெளியே போய் மழையில் நின்றேன். முகத்தில் எது மழை, எது மற்றது என்று வக்கீலால் வழக்குப் போட முடியவில்லை.

அடுப்பைச் சரிசெய்துவிட்டீர்கள். சந்தோஷம். அதில் நீங்களே சமையுங்கள்.

அந்தப் பரிமாறும் ஜன்னலை அடைக்காதீர்கள். நானும் நிறைய யோசித்துவிட்டேன். ஒன்பது வருஷமாகப் போய்வந்த ஊரில் நான் இன்னும் அந்த ஏரியைச் சரியாகப் பார்க்கவில்லை. படகில்கூட ஒரே ஒரு முறைதான், அதுவும் வேறு யாரோ ஒருவர் படகில், மீன் வாங்க. ஜன்னலுக்கு உள்பக்கம் நீங்கள் நின்று தட்டை நீட்ட, வெளிப்பக்கம் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்கு அதுவும் புது ஊர்தான். கையெழுத்துப் போட வேண்டுமா, வேண்டாமா என்பதை அதற்கப்புறம் சொல்கிறேன். மாதக் கடைசிக்குள் வருவேனா, மாட்டேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. நாளை நானும் வக்கீலும் இந்த மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி, பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு ஊருக்குப் போகிறோம்.

இது என் கடைசிச் சண்டைக் கடிதம். அந்தச் சட்டத்தை நான் கிழித்துவிட்டேன். போனில் சிரித்துச் சிரித்துத்தான் நாம் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம். இனி தபாலில் நல்ல செய்தி மட்டும் எழுதுவேன், இருந்தால்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த அன்று சாயங்காலம் நீங்கள் என் செல்லுக்குப் போன் செய்யுங்கள், எந்த ஊரில் இருந்தாலும் எடுப்பேன். நான் கத்துவேன். சேமிப்புக்குக் கத்துவேன், வெங்காயத்துக்குக் கத்துவேன், வாத்தியார் கைதட்டியதற்குத் தனியாகக் கத்துவேன். நீங்களும் கத்துங்கள். பக்கத்து அறைக்காரர்கள் கேட்டால் கேட்கட்டும். வக்கீலிடம் இது நிஜம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லைன் அறுந்தால் மறுபடி போடுங்கள்.

கண்ணாடிக்காரி